நாலு முனை டிப்

ஜூலை 1, திங்கள்

சின்னவர் இன்று எங்களைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் படம் காட்டினார். வெளிநாட்டில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. லேத்தில் எது சக், எது டரெட் என்று இன்னும் தெரியாது. ஆனால் திரையில் வண்ண வண்ணமாக ஒரு வட்டம் போட்டு, அதில் ஒரு துண்டைத் தனியே இழுத்துவைத்து, "இதுதான் நம்ம ஓட்டை" என்றார்.

ஓட்டை என்றது என் மெஷின் ஷாப்பின் செலவுச் சாமான்களை. கையுறை, எமரி தாள், கூலண்ட் எண்ணெய், துடைக்கிற பனியன் வேஸ்ட், எல்லாவற்றுக்கும் மேலாக லேத்தில் இரும்பைச் சீவுகிற டிப். நாங்கள் செய்கிற பம்புக்குள் போய்ச் சேர்கிற பொருள் எதுவும் இதில் இல்லை. தேய்ந்து, கிழிந்து, குப்பைக்குப் போகிறவை மட்டும். செப்டம்பர் முடிவதற்குள் இதில் கால்பங்கு குறைய வேண்டுமாம்.

"அமிர்தலிங்கம் அங்கிள், உங்க டிபார்ட்மெண்ட். நீங்கதான் ஓனர்" என்றார்.

ஓனர். இவருடைய அப்பா இருபத்தாறு வருடம் என்னை 'யோவ்' என்றுதான் கூப்பிட்டார். அதில் பொய் இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

காலையில் ஷாப்பை ஒரு சுற்று வந்தேன். பன்னிரண்டு லேத், முப்பத்திரண்டு பேர். கால்பங்கு என்ன, பாதியே குறைக்கலாம். ஒருவன் புதுப் பனியன் வேஸ்ட்டில் தன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் எமரி தாளில் டீ டம்ளர் வைத்திருந்தான். இவர்கள் வீட்டில் இப்படி ஒரு தீக்குச்சியை வீணாக்குவார்களா?

சின்னவர், தொழிலாளிகளிடமே யோசனை கேட்கலாமே என்றார். வாசலில் ஆலோசனைப் பெட்டி ஒன்று தொங்குகிறது, சாவி என்னிடம். திறந்தால் ஃபேன் வேண்டும், பண்டிகைக்கு முன்பணம் வேண்டும் என்று இருக்கும். அவர்களுடைய யோசனை அவ்வளவுதான்.

ஜூலை 5, வெள்ளி

கையுறைக்குச் சட்டம் போட்டேன். வாரத்துக்கு ஒரு ஜோடி. கிழிந்ததைக் கொடுத்தால்தான் புதிது. என் கையெழுத்தில் எழுதி ஸ்டோர்ஸ் ஜன்னலில் ஒட்டினேன்.

மத்தியானம் ராக்கியப்பன் வந்து நின்றான். டூல் செட்டர். ஐம்பத்து நான்கு வயது. பன்னிரண்டு லேத்துக்கும் மாறி மாறிப் போய்த் தேய்ந்த டிப்பைக் கழற்றிப் புதிதைப் பூட்டுவது இவன் வேலை. நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பான். ஒரு இடத்துக்கும் போய்ச் சேராதவன் நடை.

"எனக்கும் வாரத்துக்கு ஒரு ஜோடிதானுங்களா சார்? மத்தவிய ஒரு மெசின்ல நிக்கறாங்க. நான் பன்னண்டுக்கும் போறனுங்க."

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"செரிங்க சார்" என்று போய்விட்டான். இவர்களிடம் உறுதியாகப் பேசினால் போதும், அடங்கிவிடுவார்கள்.

ஜூலை 12, வெள்ளி

ஒரே வாரம். கையுறை பாதியாகக் குறைந்துவிட்டது. இதற்கு வெளிநாட்டில் போய்ப் படிக்க வேண்டுமா?

ஜூலை 18, வியாழன்

இன்றைக்குப் பெரிய மீன் சிக்கியது. குப்பைக்குப் போகிற டிப் டப்பாவைக் கவிழ்த்து, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். டிப் என்பது விரல் நகம் அளவுள்ள சதுரம். நாலு மூலையும் நாலு முனை. ஒன்று மழுங்கினால் திருப்பிப் போட்டு அடுத்ததில் வேலை செய்யலாம். டப்பாவில் கிடந்தவற்றில் முக்கால்வாசி இரண்டு முனை மட்டுமே தேய்ந்தவை. பாதித் தோசையைத் தின்றுவிட்டு மீதியை எறிந்திருக்கிறார்கள்.

எல்லாரையும் நிறுத்திக் கேட்டேன். ஒருவன் கூரையைப் பார்த்தான், ஒருவன் செருப்பைப் பார்த்தான். ராக்கியப்பன் வாயைத் திறந்தான், பிறகு ஏழாம் நம்பர் மெஷின் பக்கம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அங்கே நின்றவள் சாந்தாமணி. லேத்தில் இருக்கும் ஒரே பெண். முப்பத்தெட்டு வயது, ஐடிஐ படிப்பு, வேலை சுத்தம். அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திமிர். 'செரிங்க சார்' என்பதைத் தவிர ஒன்றரை வருடமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றும் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, லேத்தில் கடைந்துகொண்டிருந்த ஜாப்பை அளக்கத் திரும்பிவிட்டாள்.

நாளையிலிருந்து நாலு முனையும் தேய்ந்த டிப்பைக் கொடுத்தால்தான் ஸ்டோர்ஸில் புதிது என்று உத்தரவு.

ஜூலை 24, புதன்

மூன்றாவது முனை போட்டதும் டிப் உடைகிறது. உடையும்போது ஜாப்பையும் கிழித்துக்கொண்டு போகிறது. ஆறு நாளில் நாற்பது பம்பு ஷாஃப்ட் கெட்டுத் தள்ளுபடி. வேண்டுமென்றே செய்கிறார்கள். என்னைத் தோற்கடிக்க முப்பது பேர் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். வேறு எதற்கும் ஒன்று சேராதவர்கள்.

டிப் உடைந்த ஒவ்வொரு மெஷினுக்கும் ராக்கியப்பன் ஓடுகிறான். முன்பு நடந்தவன் இப்போது ஓடுகிறான். நல்ல உடற்பயிற்சி.

ஜூலை 29, திங்கள்

காலை பதினொன்றே முக்காலுக்கு ராக்கியப்பன் கையை வெட்டிக்கொண்டான். மூன்றாம் நம்பரில் உடைந்த டிப்பைக் கழற்றும்போது திருகுகிற சாவி வழுக்கி, கை சீவிக் கிடந்த இரும்புச் சுருளுக்குள் போய்விட்டது. கையுறையின் உள்ளங்கையில் ஓட்டை. வெள்ளிக்கிழமைதான் அடுத்த ஜோடி. அந்த ஓட்டையைப் பச்சை நூலால் தைத்திருந்தான். வீட்டில் பெண்டாட்டி தைத்துக் கொடுத்திருக்க வேண்டும், தையல் நெருக்கமாக இருந்தது.

கம்பெனி கார் சின்னவரோடு போயிருந்ததால் என் ஸ்கூட்டரிலேயே அரசூர் முக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தான். ஒன்பது தையல். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது சொல்கிறான்: "ஆறாம் நம்பர்ல டிப்பு மாத்தறக்கு நேரமாச்சுங்க சார். யாராச்சும் பாக்கோணும்."

முட்டாள்.

ஜூலை 30, செவ்வாய்

விபத்துப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள்.

சட்டையில் முதுகுப்பக்கம் கறை போகவில்லை. வீட்டில், ஊறவைத்துப் பார்க்கலாம் என்றாள். வேண்டாம், எறிந்துவிடு என்றேன். குழம்பில் உப்பு அதிகம். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

கையுறை வாரத்துக்கு மூன்று ஜோடி என்று மாற்றி ஒட்டினேன். இப்போது வருகிற கையுறையின் தரம் மட்டம், அதனால்தான். பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர்களுக்குத் துணிக்கும் காகிதத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆகஸ்ட் 8, வியாழன்

கண்ணாடி அறையில் மறுபடி கூட்டம். ஜூலை மாதச் செலவு குறையவில்லை, கூடியிருக்கிறது. சின்னவர் கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல். "அங்கிள், உங்களுக்கு ஹெல்ப் வேணும்னா ஒரு கன்சல்டன்ட் போடலாம்" என்றார். அந்தக் கன்சல்டன்ட் எப்படியிருப்பான் என்று எனக்குத் தெரியும். டை கட்டிக்கொண்டு வந்து, நான் சொன்னதையே எழுதி என்னிடமே கொடுப்பான்.

இருக்கைக்கு வந்து ஸ்டேப்ளர் பின் தேடினேன். கீழ் டிராயரில் அந்தத் தாள் கிடைத்தது.

தேடியது பின்னைத்தான். தாளை அல்ல.

கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள். ஆலோசனைப் பெட்டியில் வந்தது. போன வருடம் மார்ச் மாதம். 'சார், டிப்புக்கு அடியில் உட்காருகிற சின்னத் தகடு, ஷிம், எல்லா ஹோல்டரிலும் தேய்ந்துபோய்விட்டது. டிப் சமமாக உட்காராமல் ஆடுகிறது. ஆடுவதால் உள்ளே விரிசல் விடுகிறது. அதனால் மூன்றாவது முனை தாங்குவதில்லை. என் மெஷினில் மட்டும் பழைய ஹோல்டரிலிருந்து நல்ல தகடு எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நாலு முனையும் வந்தது. எல்லாவற்றிலும் மாற்றினால் டிப் செலவு பாதியாகும்.' கீழே பேனாவால் சின்னப் படம். தகட்டின் தேய்ந்த ஓரத்தைக் கோடு கோடாக நிழல் போட்டுக் காட்டியிருந்தாள். கையெழுத்து: சா. சாந்தாமணி, மெஷின் 7.

அன்று நடந்தது சின்ன விஷயம். தாளை எடுத்துக்கொண்டு ஏழாம் மெஷினுக்குப் போய், எல்லாரும் இருக்கும்போது, "ஏம்மா, நீ எப்ப எஞ்சினியர் ஆனே? சொல்லியிருந்தா நாற்காலியைக் காலி பண்ணியிருப்பேனே" என்றேன். தமாஷுக்குச் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு இல்லாதவர்களோடு வேலை செய்வது கஷ்டம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

டிப்பைப் பிடித்திருக்கிற ஹோல்டர் மூன்றைக் கழற்றி என் மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லி, தகட்டுக்கு மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு மூலை பள்ளம். குருடனுக்கும் தெரியும் பள்ளம்.

ஷிம் தகடு நூறு ஆர்டர் போட்டேன். ஒரு தகட்டின் விலை ஒரு டிப் விலைகூட இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தகடு வந்தது. கையில் கட்டோடு வேலைக்கு வந்துவிட்ட ராக்கியப்பன்தான் எல்லா ஹோல்டரிலும் மாற்றினான். இடது கையால் பிடித்து, வலது கையின் இரண்டு விரலால் திருகி.

"இது ஆரு சார் சொன்னது?"

"ஏன், எனக்குத் தெரியாதா?"

"இல்லீங்க சார், சும்மா கேட்டனுங்க" என்று குனிந்துகொண்டான். ஏழாம் மெஷினுக்கு அவன் போகவில்லை. அங்கேதான் ஏற்கெனவே நல்ல தகடு இருக்கிறதே.

ஆகஸ்ட் 29, வியாழன்

நாலு முனையும் வருகிறது. பன்னிரண்டு மெஷினிலும். டப்பாவில் கிடக்கிற டிப் எல்லாம் நாலு பக்கமும் மழுங்கி, ஒழுங்காகச் செத்திருக்கின்றன. ஷாஃப்ட் தள்ளுபடி நின்றுவிட்டது. ராக்கியப்பன் முக்கால் மணிக்கு ஒரு தரம் ஸ்டூலில் உட்கார்கிறான். அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

சின்னவர் ஷாப்புக்கே வந்துவிட்டார். பளபளக்கும் ஷூவைக் கூலண்ட் படாமல் எடுத்து எடுத்து வைத்து நடந்தார். டிப் செலவு பாதிக்குக் கீழே. கால்பங்கு கேட்டவருக்கு அரைப்பங்குக்கு மேல் கொடுத்திருக்கிறேன்.

"எப்படி அங்கிள் கண்டுபிடிச்சீங்க?"

"அனுபவம்" என்றேன்.

ஒரே பெண் என்று கண்ணில் பட்டிருக்க வேண்டும், நேராக ஏழாம் மெஷின் முன்னால் போய் நின்று சாந்தாமணியிடம் கேட்டார்: "நீங்க சொல்லுங்க மேடம், இந்த ஐடியா எப்படி வந்துச்சு? யார் மொதல்ல கவனிச்சது?"

எனக்கு இருமல் வந்துவிட்டது. கூலண்ட் வாடை இன்று அதிகம், அதனால் இருக்கலாம்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "சாருதானுங்க கண்டுபுடிச்சாரு. எங்களுக்கென்னுங்க தெரியும்."

சின்னவர் என் தோளைத் தட்டினார். என் மகன் வயது.

எனக்கு இவளைப் புரியவில்லை. சொல்லியிருந்தால் ஒரு பாராட்டுப் பத்திரமாவது கிடைத்திருக்கும். பயந்துவிட்டாள். முதுகெலும்பு இல்லாத ஜனங்கள். தட்டில் வைத்துக் கொடுத்தாலும் எடுக்கத் தெரியாது.

செப்டம்பர் 6, வெள்ளி

வாசல் பலகையில் என் போட்டோ. கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. மீசை ஒரு பக்கம் ஏறியிருக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

சின்னவர் கூப்பிட்டார். டிப் மாற்றுவது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதால், இனி அதை அந்தந்த மெஷின்காரரே செய்துகொள்ளலாம், செட்டர் பதவி தேவையில்லை என்றார். "உங்க ப்ராஜெக்ட்டோட நேச்சுரல் அவுட்கம்தானே அங்கிள்." கடிதம் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை நானே கொடுக்க வேண்டும்.

"அவனுக்கு வயசு அம்பத்தி நாலு" என்றேன்.

"செட்டில்மெண்ட் கரெக்டா குடுத்திடலாம்" என்றார்.

ஷாப்புக்குள் திரும்பி வந்தபோது ராக்கியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறிப்போன தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். உட்காரய்யா என்றேன். உட்காரவில்லை.

செப்டம்பர் 18, புதன்

சாப்பாட்டு நேரத்தில் ஏழாம் மெஷினுக்குப் போனேன். அவள் தூக்குப் போசியைத் திறந்துகொண்டிருந்தாள். சுற்றி யாரும் இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமுங்க சார். அன்னைக்கே தெரியும்."

"என்னைக்கு?"

"சின்னவரு இங்க வந்து கேட்டாருல்லீங்க, அன்னைக்கு. நான் அந்தத் தாள் எழுதறப்ப பெரியவரு இருந்தாருங்க. மிச்சமாச்சுன்னா அவரு எல்லாத்துக்கும் ஆளுக்கொரு காரப் பொட்டலம் குடுத்திருப்பாரு. அதோட முடிஞ்சிருக்கும். இவரு மிச்சத்தப் பாத்தா அடுத்தது ஆளத்தான் பாப்பாரு. ராக்கியப்பண்ணன் சோத்துல எம்பேரு எதுக்குங்க?"

நான் அவள் ஹோல்டரின் தகட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகு, சின்னவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், யோசனை உன்னுடையது என்று சொன்னால் அவர் உன் பேச்சைக் கேட்டு முடிவை மாற்றலாம் என்றேன். நியாயமாகத்தான் சொன்னேன்.

அவள் போசியை மூடினாள்.

"பாராட்டு குடுக்கறப்ப உங்குளுது. இப்ப பழி வர்றப்ப என்னுதுங்களா சார்?"

ஒன்றரை வருடத்தில் என்னிடம் இவ்வளவு பேசியது இன்றுதான். குரலை உயர்த்தவே இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

கடிதத்தைக் கொடுத்தேன். அறைக்குக் கூப்பிட்டுத்தான் கொடுக்க நினைத்தேன். ஆனால் அவன் மூன்றாம் மெஷினில் இருந்தான், நானே போய்விட்டேன்.

பிரித்துப் பார்த்தான். மேலிருந்து கீழே பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"இங்கிலீசுல இருக்குதுங்க சார். என்ன போட்டிருக்குதுன்னு சொல்லுங்."

எழுதியவர் சின்னவர். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். லேத் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. 'மறுசீரமைப்பு' என்று ஆரம்பித்தேன். அவனுக்குப் புரியவில்லை. வேறு வார்த்தை தேடினேன், அதுவும் புரியவில்லை. கடைசியில், "இந்த மாசத்தோட வேலை இல்லை ராக்கியப்பா" என்றேன். அது புரிந்தது.

அதற்குள் பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டிருந்தன. கடைசி வாக்கியம் அமைதியில் விழுந்தது. எல்லாரும் கேட்டார்கள். யாரையும் மெஷினைப் போடச் சொல்லவில்லை நான்.

அவன் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"நீங்க தகடு மாத்துனது நல்ல வேலைங்க சார். அதுக்குப் பொறவு ஒரு டிப்புகூட ஒடையல. மொதல்லயே மாத்தியிருந்தா இந்தக் கை கூட தப்பிச்சிருக்கும். வுடுங்க, எல்லாத்துக்கும் நேரம்னு ஒண்ணு இருக்குதல்லங்க."

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்து சொல்கிற ஆள் இல்லை அவன். தெரிந்து சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 23, திங்கள்

சின்னவரிடம் போனேன். சாந்தாமணி பெயரை எடுக்கவில்லை. தகடு தேய்ந்திருப்பதாகப் போன வருடம் மார்ச்சிலேயே ஷாப்பிலிருந்து எனக்குத் தகவல் வந்தது, நான்தான் பதினேழு மாதம் கிடப்பில் போட்டேன் என்றேன். அந்தப் பதினேழு மாதத்தில் உடைந்த டிப்பும் தள்ளுபடியான ஷாஃப்ட்டும் ராக்கியப்பனின் சம்பளத்தைவிடப் பல மடங்கு, ஆளைக் குறைப்பதானால் என்னைக் குறையுங்கள் என்றேன். தகடு மறுபடியும் தேயும், மாதம் ஒரு தரம் பார்க்க ஆள் வேண்டும், அதற்கு அவனை வையுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் போனில் எதையோ தள்ளிக்கொண்டே கேட்டார். பிறகு தலை நிமிர்ந்து, குழந்தையிடம் பேசுவதுபோல, "அங்கிள், அதெல்லாம் பழைய கதை. யார் எப்ப சொன்னாங்கன்னு எனக்கு முக்கியம் இல்ல. நீங்க ரொம்ப எமோஷனலா ஆகறீங்க. ரெண்டு நாள் லீவு எடுங்க" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக ஒரு தப்பை ஒப்புக்கொண்டேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

தகடு பார்க்கிற வேலையை மெஷின்காரர்களுக்கே சேர்த்துவிடச் சொன்னார். போர்டில் ஒட்டினேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

மத்தியானம் சாந்தாமணி கேட் பாஸ் படிவத்தோடு வந்து நின்றாள். நாளைக்கு அரை நாள் வெளியே போக வேண்டுமாம். கணியூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் செட்டர் கேட்டிருக்கிறார்கள், ராக்கியப்பனுக்குத் தனியாகப் போய்ப் பேச வராது, கூடப் போகிறேன் என்றாள்.

காரணம் என்ற இடம் காலியாக இருந்தது. சொந்த வேலை என்றால் அரை நாள் சம்பளம் போய்விடும். நான் பேனாவை எடுத்து 'கம்பெனி வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வாங்கிப் படித்தாள்.

"காரணம் தப்பா எழுதியிருக்கீங்க சார்."

"தெரிஞ்சுதான் எழுதினேன். இருக்கட்டும்."

மேஜையில் கிடந்த என் பேனாவையே எடுத்தாள். நான் எழுதியதன் மேல், அடியில் இருப்பது தெரியும்படி, ஒரே கோடு போட்டாள். பக்கத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினாள். திருத்தம் இருந்தால் வாட்ச்மேன் விடமாட்டான், மறுபடி ஒரு கையெழுத்து வேண்டும் என்று படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

போட்டேன்.